ஆனி மழையும் அஞ்சலியின் டென்ட்டும்

அருமனைக்கு வடக்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் சுயம்புராஜுக்கு யாரும் எதையும் இரவல் கொடுக்க மாட்டார்கள். மனுஷன் திருப்பித் தரமாட்டார் என்பதற்காக அல்ல. தருவார், ஆனால் கொடுத்தபடி தரமாட்டார். மண்வெட்டியைக் கொடுத்தால் பிடி மாற்றி வரும். ஏணியைக் கொடுத்தால், உயரம் கூடிப்போயிற்று என்று ஒரு சாண் அறுத்து, முனையை வழவழவென்று சீவி வரும். பக்கத்து ரப்பர் விளை யேசுதாசன் ஒருமுறை சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வந்தபோது ஏறி உட்கார முடியாமல் நின்றார். சீட்டை உயர்த்தி வைத்திருந்தார் சுயம்புராஜ். அதுதான் கால்முட்டுக்கு நல்லதாம். யேசுதாசன் ஆள் குள்ளம் என்பது அவருடைய யோசனையில் வரவே இல்லை.

கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பீடி இல்லை, குடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நெற்றியில் நாமமிட்டு, தலைப்பாகை கட்டி, அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலுக்குப் போவார். சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரம். அது போக, வெளியூரில் இருப்பவர்களின் மரங்களுக்கும் பால்வெட்டப் போவார். ரப்பர் பாலை உறையவைத்து அவர் அடித்த ஷீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு தூசி, ஒரு குமிழ் இருக்காது. செய்வதெல்லாம் சுத்தமாக இருக்கும். நாம் சொன்னதுதானா என்று பார்த்தால் மட்டும் அது இருக்காது. அவருடைய மனைவி லீலாபாய் பச்சை வாளி வாங்கிவரச் சொன்னால் சிவப்பு டிரம் வரும் என்பது வீட்டில் எழுதாத சட்டம். "எனக்க மாப்பிள ஒரு வேலையும் செய்யாம சும்மா இருந்தா கொள்ளாம்" என்று அவள் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

இவர்களுக்கு ஒரே மகள், அஞ்சலி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மற்ற பிள்ளைகள் லீவு கிடைத்தால் தூங்குவார்கள்; இவள் மலை ஏறுவாள். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏதோ காட்டுக்குள் போய், டென்ட் அடித்து, தரையில் படுத்துவிட்டு வருவாள். மழைக்கு ஒதுங்க நல்ல கான்கிரீட் வீட்டைக் கட்டி வைத்திருக்கும் அப்பனுக்கு இது விளங்கவில்லை. ஆனாலும் பால்வெட்டும் இடத்தில் நாலு பேரிடம் மகள் ஏறிய மலையின் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் செய்தார்.

அப்பனும் மகளும் நன்றாகத்தான் இருந்தார்கள், அந்தத் துபாய் மாப்பிள்ளை வரும்வரை. கருங்கல் பக்கம் நல்ல குடும்பம், பையன் பார்க்கவும் லட்சணம். அஞ்சலியிடம் போனில் கேட்டார். இப்போது வேண்டாம் அப்பா என்றாள். செரி மக்களே என்றார்; ஒரே மகளானாலும் அவருக்கு அவள் 'மக்களே'தான். மறுநாளே மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லி அனுப்பினார். வந்து பார்த்தால் பிள்ளையின் மனசு மாறும் என்பது அவருடைய தீர்மானம். அஞ்சலி லீவுக்கு வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியபோது முன்வாசல் சிட் அவுட் நிறைய அந்நியச் செருப்புகள் கிடந்தன. அவள் முகம் கழுவி, டீ கொண்டு கொடுத்து, கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள். அப்பனை அவமானப்படுத்தவில்லை. அவர்கள் போன பிறகுதான் சொன்னாள்.

"நான் வேண்டாம்னு சொன்னது உங்களுக்குக் கேட்டுது. கேட்டுட்டுத்தான் செஞ்சிய. இனி உங்கள்ட்ட நான் என்னத்த சொல்ல?"

சத்தம் போட்டிருந்தால் அவரும் பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பார். இது அப்படியில்லை. அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் போன் அம்மைக்கு மட்டும்தான் வந்தது. 'அப்பா சுகமா' என்ற கேள்வியும் அம்மை வழியாகத்தான். அந்த நேரம் பார்த்து அவருக்கு அடுக்களையில் ஏதாவது வேலை வந்துவிடும். லீலாபாய் பேசப் பேச, தண்ணீர் குடிப்பதுபோல் பானை அருகில் நின்று, மகளின் குரல் கசிகிறதா என்று கேட்பார். உள்ளுக்குள் அவர் வெந்துகொண்டிருந்தது ஊருக்குத் தெரியாது, லீலாபாய்க்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போது, ஆனி பிறந்த சமயம், அஞ்சலி திடீரென்று வீட்டுக்கு வந்தாள். கூட வேலை செய்யும் பெண்களோடு பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் டென்ட் அடித்துத் தங்க வந்தவள். அவர்கள் நேரே திருவனந்தபுரம் போய்விட்டார்கள். இவள் அரை நாள் வீட்டில் இருந்துவிட்டு ரயில் ஏற வேண்டும். கையில் நனைந்து சுருண்ட ஆரஞ்சு நிற டென்ட் மூட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அதை அம்மையிடம் கொடுக்காமல் நேரே அப்பனிடம் வந்து நின்றாள்.

"அப்பா, இத வச்சுக்கிடுவியளா? அங்க எனக்க ரூம்ல ஒரு கட்டில் போட்டா பொறவு நிக்க எடமில்ல. இத எங்க காயப்போட?"

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மகள் அவரிடம் கேட்ட முதல் காரியம். சுயம்புராஜ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவள் சிட் அவுட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோப்பு ஆகாது, சோப்புத்தூள் ஆகவே ஆகாது. ஈரத்துணியால் மண்ணைத் துடைத்தெடுத்தால் போதும். ஜிப்பில் மணல் இருந்தால் அதைத் தட்டிவிட வேண்டும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் நிழலில், காற்றில் காய வேண்டும். துணியின் உள்ளே மெல்லிசாக ஒரு பூச்சு இருக்கிறது. மழையைத் தடுப்பது அதுதான். அதற்குச் சூடு ஆகாது, கடும் வெயிலும் ஆகாது. நன்றாகக் காய்ந்த பிறகு அதன் சொந்தப் பையில் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாக வைத்துக் காற்றுப் படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். ஓணம் கழிந்து அவளும் ஒரு தோழியும் இமாச்சலில் மலை ஏறப் போகிறார்கள். அங்கே உச்சியில் கடை கிடையாது, வீடு கிடையாது. அவர்களுக்கு வீடே இந்த டென்ட்தான்.

"நான் சொன்ன மாதிரி மட்டும் செய்யுங்கப்பா. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அவர் தலையாட்டினார். இந்த முறை அந்தத் தலையாட்டல் உண்மை. மகள் ரயில் ஏறிய பிறகு லீலாபாயிடம், "ஏட்டி, பிள்ள எனக்கிட்டதான் தந்துட்டுப் போயிருக்கா" என்று இரண்டு தடவை சொன்னார். இதை ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டால் பிள்ளை திரும்பவும் தன்னிடம் பேசுவாள் என்று அவர் நம்பினார். அது பேராசை ஒன்றும் இல்லை.

மறுநாள் மழை கொஞ்சம் ஓய்ந்தது. முற்றத்துச் சிமென்ட் தரையைக் கழுவி, டென்ட்டை விரித்துப் போட்டார். லீலாபாயின் புதுத் துவாலை துடைப்புத் துணியாயிற்று. ஜிப்பின் ஒவ்வொரு பல்லையும் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டி மணலை இறக்கினார். மூலையில் செத்துக் கிடந்த அட்டையை ஈர்க்குச்சியால் எடுத்துப்போட்டார். கம்பிகளின் பொருத்துகளைத் துடைத்தார். வளைந்திருந்த முளைகளைக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்கினார். இதை அஞ்சலி சொல்லவில்லை. ஆனாலும் போகட்டும், சுபாவம் அவ்வளவு சீக்கிரம் போகுமா. துணியில் மட்டும் அவர் கை மீறவில்லை. பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் துடைத்தார் என்று லீலாபாய் பிறகு சொன்னாள்.

துடைத்து முடித்துக் கயிற்றில் போடவும், வானம் இருட்டவும் சரியாக இருந்தது. அன்றைக்குப் பிடித்த மழைதான், விடவே இல்லை. பால்வெட்டு நின்றது. ரோட்டில் ஓடை ஓடியது. டென்ட்டை ஹாலுக்குள் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டார். அடுக்களைக்குப் போக வேண்டுமென்றால் லீலாபாய் குனிந்துதான் போக வேண்டும். டிவியில் சீரியல் ஓடும் சத்தம் கேட்கும், ஆளைப் பார்க்க முடியாது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் கரண்ட் போகும். கரண்ட் வருவதற்குள் சுவரில் ஓதம் ஏறியிருக்கும். துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்; தையலைப் பிடித்துப் பார்த்தால் நமத்த அப்பளமாகக் குழையும். அவர் மணிக்கொரு தடவை தொட்டுப் பார்த்தார். தொட்டுப் பார்ப்பதைத் தவிரச் செய்ய ஒன்றும் இல்லை. சும்மா இருக்கத் தெரியாத மனுஷனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு வேண்டியதில்லை.

அடுத்த வாரம் தையல் ஓரமாகக் கடுகு சிதறியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பூசணம். ரப்பர்காரனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மழையில் மாட்டிய ஷீட்டில் இன்றைக்கு ஒரு புள்ளி தெரிந்தால் நாளை மறுநாள் முழு ஷீட்டும் போகும்.  பிள்ளையிடம் கேட்கச் சொல்லிச் சுயம்புராஜ் லீலாபாயை நச்சரித்தார். அவள் மசியவில்லை.

"ஒங்கள்ட்டதான தந்தா. நீங்களே விளிச்சுக் கேளுங்க. அவளும் அதத்தான் எதிர்பாக்கா."

கடைசியில் துணிந்து போனில் விளித்தார். அஞ்சலி மீட்டிங்கில் இருந்தாள். பிறகு விளிக்கட்டுமா, என்ன விஷயம் அப்பா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். ஒண்ணுமில்ல மக்களே என்று வைத்துவிட்டார். சொன்னபடி சாயங்காலம் அவளே விளித்தாள். லீலாபாயின் போனுக்கு அல்ல, அவருடைய போனுக்கு. திரையில் மகளின் பெயர் தெரிந்ததும் அவர் எழுந்து நின்றுகொண்டார். சுகமா அப்பா என்றாள். மழை எப்படி என்றாள். டென்ட் காய்ந்ததா என்றாள்.

அந்த இடத்தில் 'இல்லை மக்களே, பூசணம் பிடித்துவிட்டது, என்ன செய்ய' என்று கேட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அவள் ஏதாவது வழி சொல்லியிருப்பாள். ஆனால் எவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்த போன்! அதில் போய் முதல் வார்த்தையாக ஒரு தோல்வியைச் சொல்வதா?

"காஞ்சிட்டு மக்களே. கொள்ளாம்" என்றார்.

"தேங்க்ஸ்ப்பா" என்றாள் அஞ்சலி. அவளுடைய சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது.  சொன்னது பொய், அதை நாளைக்குள் நிஜமாக்கிவிட்டால் பொய்யாகாது. அப்படித்தான் அவருடைய புத்தி போயிற்று. ரப்பர்காரனின் புத்தி மழைக்காலத்தில் எங்கே போகுமோ அங்கேதான் அதுவும் போயிற்று: யேசுதாசனின் புகைப்புரைக்கு.

புகைப்புரை என்றால் வேறொன்றும் இல்லை, ஜன்னல் இல்லாத ஒரு சிறிய கட்டடம். உள்ளே மூங்கில்களில் ரப்பர் ஷீட்டை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகும் தேங்காய்த் தொண்டும் போட்டுப் புகைய விடுவார்கள். எப்பேர்ப்பட்ட அடைமழையிலும் உள்ளே ஷீட் காய்ந்து பொன்னிறமாகிவிடும். பூசணம் கிட்டே வராது. சுற்றுவட்டாரத்து ஷீட்டெல்லாம் மழைக்கு யேசுதாசனிடம்தான் வரும்.

சூடு ஆகாது என்று அஞ்சலி சொன்னதை அவர் மறக்கவில்லை. அதுதான் வேதனை. மறந்திருந்தால் மன்னிக்கலாம். புகை வேறு, சூடு வேறு என்று தனக்குத்தானே வாதாடி ஜெயித்தார். கதவோரத்தில் தொங்கவிட்டால் சூடு அவ்வளவு வராது என்று ஒரு துணைவாதமும் வைத்துக்கொண்டார். யேசுதாசன் டென்ட்டையும் பார்த்தார், இவருடைய முகத்தையும் பார்த்தார்.

"பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டீரா, வே?"

"கேக்காம இருப்பனா?" என்றார் சுயம்புராஜ். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

அடுத்த நாள் காலையில் கதவோரத்து மூங்கிலில் டென்ட் ஏறியது. தீயைக் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டு அவரே காவலும் இருந்தார். ஆனால் அன்று உள்ளே ஊர் ஷீட் முழுக்க இருந்தது. தீ அணைந்தால் மற்றவர்களின் பாடு போய்விடும். யேசுதாசன் அவ்வப்போது விறகைத் தள்ளத்தான் செய்தார். சுயம்புராஜ் புகைக்குள் தலையை விட்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, வெளிப்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். காய்ந்து வந்தது. தையலும் காய்ந்தது. சாயங்காலம் இறக்கும்போது துணி மொறுமொறுவென்று இருந்தது. எவ்வளவு நிம்மதி! யேசுதாசனுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் கொண்டுவந்து மடிப்பதற்காக உள்பக்கத்தைத் திருப்பினார். விரல் பட்ட இடத்தில் ஏதோ ஒட்டியது. இழுத்தால், பாலாடை மாதிரி ஒரு மெல்லிய தோல் சுருண்டு கையோடு வந்தது. பக்கத்தில் தொட்டார், அங்கேயும் வந்தது. தையலை மூடியிருந்த நாடா ஓரம் ஓரமாக எழும்பி நின்றது. மேலே புகைக்கறை சொட்டி, தவிட்டு நிறத்தில் கோடுகள். மழையைத் தடுப்பது அதுதான் என்று மகள் சொன்ன பூச்சு அவருடைய கையில் பொடியாகக் கிடந்தது. லீலாபாய் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஈரத்துணியால் துடைத்தார், துடைத்தால் இன்னும் உரிந்தது. எலுமிச்சம்பழத்தால் கறையைத் தேய்த்தார். கறை போகாமல் கறையைச் சுற்றி வெளுப்பு விழுந்தது. டென்ட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை யாருக்கும் தெரியாமல் வெட்டி எடுத்துக்கொண்டு தக்கலைக்குப் போய், குடையும் மழைக்கோட்டும் தார்ப்பாயும் விற்கும் கடையில் காட்டினார். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பூச்சு செத்துப்போச்சு, இனி இது வெறும் துணி என்றார். புதிதாக வாங்கி வைத்துவிடலாம் என்றும் யோசித்தார். அந்த மாதிரி டென்ட் பக்கத்தில் எங்கும் கிடைக்காது, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றார் கடைக்காரர். சுயம்புராஜின் வீட்டுக்கு ஆன்லைனில் எது வாங்க வேண்டுமென்றாலும் வாங்கி அனுப்புகிறவள் அஞ்சலிதான்.

மழை விட்ட பிறகு டென்ட்டை நாள்கணக்கில் காற்றாட விட்டார். வேப்பிலை போட்டார், பச்சைக் கற்பூரம் போட்டார். மோந்து பார்த்தார், புகை மணம் போய்விட்டதாகவே அவருக்குத் தோன்றியது. உரிந்ததெல்லாம் உள்ளே போகும்படி மடித்து, துவைத்த தலையணை உறைக்குள் தளர்வாக வைத்து, படுக்கையறை ஆணியில் தொங்கவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு அழகு.

கொடுமை என்னவென்றால், இந்த நாட்களில்தான் அஞ்சலி அவரிடம் பேச ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் அவருடைய போனுக்கே விளித்தாள். முதலில் டென்ட்டைக் கேட்பாள். பிறகு பால்வெட்டு, ஷீட் விலை, யேசுதாசன் மாமாவின் கால்வலி என்று பேச்சு நீளும். எந்த மலை, எத்தனை உயரம், எவ்வளவு குளிர் என்றெல்லாம் சொல்வாள். ஒருநாள், கல்யாணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அப்பா, கேட்டுச் செய்யுங்கள் என்றுதான் சொன்னேன் என்றாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று உட்காருவார். சொன்னால் இந்தப் பேச்சு நின்றுவிடும். மறுபடியும் கேட்டுட்டுத்தான் செஞ்சிய என்பாள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று போனை வைப்பார். லீலாபாயிடம்கூடச் சொல்லவில்லை.

ஓணத்துக்கு அஞ்சலி வந்தாள். அடைப் பிரதமன், அவியல், ஊஞ்சல் என்று வீடு கலகலத்தது. அவள் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். புறப்படுகிற அன்று காலையில் ஆணியிலிருந்து தலையணை உறையை எடுத்துக்கொண்டு சிட் அவுட்டுக்கு வந்தாள். பிரித்துப் பார்க்கவில்லை. மடியில் வைத்து ஒருமுறை தடவிக்கொடுத்தாள். 

"அப்பா, எல்லாம் நான் சொன்ன மாதிரிதான?" என்று கேட்டாள்.

இதுதான் நேரம் என்று அவருக்கே தெரிந்தது. உதடு வரை வந்தது. உள்ளே லீலாபாய் மகளுக்குச் சிப்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள்; பிள்ளையின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"நீ சொன்ன மாதிரிதான் மக்களே."

குழித்துறை ஸ்டேஷனுக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு அவரே கூடப் போனார். ரயில் வருவதாக அறிவித்த பிறகு அவள் அவருடைய கையைப் பிடித்தாள். வேற ஒண்ணும் சொல்ல வேண்டாமாப்பா என்றாள். பிரியம் தாங்காமல் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பாத்துப் போ மக்களே, தலையில் பனி படாமல் பார்த்துக்கோ என்றார். ரயில் போய்விட்டது.

பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் விளித்தாள். டெல்லியிலிருந்து விளித்தாள். மலையடிவாரத்தில் பஸ் இறங்கியதும் விளித்து, இனி சிக்னல் இருக்காது, இறங்கி வந்து விளிக்கிறேன், அம்மையிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாள். அந்த போனிலும் அவர் சொல்லவில்லை. வைத்த பிறகுதான் இனிச் சொன்னாலும் அவளுக்குக் கேட்காது என்பது உறைத்தது. உடனே திருப்பி விளித்தார். ஒரு பெண் இந்தியில் ஏதோ சொன்னாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள்.

மறுநாள் டிவியில் வடக்கே மலைகளில் மழை என்றார்கள். அதற்கு அடுத்த நாள், மேலே பனி விழுகிறது என்றார்கள். எங்கோ பாலம் இடிந்து கிடக்கும் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சுயம்புராஜ் பால்வெட்டப் போனார். கத்தி மரத்தில் ஆழமாக இறங்கிப் பட்டையைக் கிழித்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மரத்தையும் அப்படிக் காயப்படுத்தியதில்லை. கஞ்சி இறங்கவில்லை. போனை எடுப்பார், விளிப்பார், இந்திக்காரி பேசுவாள். ஒரு வார்த்தை விளங்காவிட்டாலும் அது முழுவதும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

தாங்க முடியாமல் நிழல்தாங்கலுக்குப் போனார். அங்கே கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது, விளக்கும் கண்ணாடியும்தான். பிள்ளையைக் காப்பாத்து அய்யா என்று கேட்க நிமிர்ந்தால் எதிரே நிற்பது அவரேதான். தலைப்பாகையும் நாமமுமாக நின்ற அந்த மனுஷனைப் பார்த்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து லீலாபாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"பாவி மனுஷா, பிள்ள எதுக்குள்ள படுத்துக் கெடக்கான்னு தெரிஞ்சுமா இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்திய?"

 அவள் போனைப் பிடுங்கித் தானும் விளித்துப் பார்த்தாள். அதே இந்திக்காரி.  அவள் ஒரு மூலையிலும் இவர் ஒரு மூலையிலும், நடுவில் போனுமாக அந்த நாட்கள் போயின. ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்த அது பக்கத்து ஊர் அல்ல. சீவ, அறுக்க, தட்டி நேராக்க எதுவும் அவருடைய கைக்கு எட்டவில்லை.

இறங்கி வருவதாகச் சொன்ன தேதி தப்பி, மேலும் இரண்டு நாள் கழிந்து, ஒரு சாயங்காலம் அவருடைய போன் அடித்தது. அஞ்சலி. லீலாபாய் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். சுயம்புராஜ் மகள் பேசும்வரை காத்திருக்கவில்லை.

"மக்களே, சுகமா இருக்கியா? நனைஞ்சியா? அந்த டென்ட்ட நான் புகைப்புரையில போட்டேன் மக்களே. பூசணம் புடிச்சுட்டு, எனக்கு வேற வழி தெரியல, அதுக்க உள்பூச்செல்லாம் உரிஞ்சுபோச்சு, நான் உனக்கிட்ட..."

"தெரியும்ப்பா" என்றாள் அஞ்சலி.

தனக்கு ஒன்றும் இல்லை, தோழிக்கும் ஒன்றும் இல்லை, கொஞ்சம் ஜலதோஷம்தான் என்றாள். மழை விடாமல் பெய்ததாம். அடிவாரத்துக் கடையில் பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கிச் சுமந்து போயிருந்தார்களாம். அதை டென்ட்டுக்கு மேலே இழுத்துக் கட்டி, உள்ளே ஒடுங்கி உட்கார்ந்து சமாளித்தார்களாம். அவருக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு, முன்னாலேயே எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார்.

"வீட்ல அந்த உறைய ஆணியில இருந்து எடுத்ததுமே தெரிஞ்சுது. ரப்பர்காரனுக்க மகளுக்குப் புகைப்புரை மணம் தெரியாதா? நீங்க அந்த மணத்துக்குள்ளேயே இருக்கிய, உங்களுக்குத் தெரியாது."

"பொறவு ஏன் மக்களே நீ ஒண்ணும் கேக்காம கொண்டு போன?"

"கேட்டேனே. வீட்ல வச்சுக் கேட்டேன். ஸ்டேஷன்ல கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டேன். இப்ப சொல்லுவிய, இப்ப சொல்லுவியன்னு ரயிலு வாறது வரைக்கும் நின்னேன்." அவள் ஒருமுறை தும்மினாள். "டென்ட்டு போட்டும்ப்பா. துணிதான, வேற வாங்கிக்கிடலாம்."

அவர் மக்களே, மக்களே என்று மட்டும் சொன்னார்.  அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு அஞ்சலி, கோபம் கொஞ்சமும் இல்லாத குரலில் சொன்னாள்:

"போன அம்மைகிட்ட குடுங்கப்பா."

சுயம்புராஜ் போனை லீலாபாயிடம் கொடுத்துவிட்டு, அடுக்களையில் பானை அருகில் போய் நின்றார்.